அந்த முதல் மூன்று நாளுக்கு நான் தயாராக இல்லை

குழந்தை பிறந்த இரண்டாம் நாள். இரவு பதினொன்றரை மணி இருக்கும். பெரியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து என் மார்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேடி, பிள்ள எதக் குடிக்கும்?" என்றார். மகன் அழுது அழுது முகம் சிவந்து, குரலும் கம்மிவிட்டது. சிசேரியன் தையல் இழுத்ததில் எழுந்து உட்கார முடியாமல் நான் மல்லாந்து கிடந்தேன். வாசலில் நின்ற சித்தப்பா ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார். மெடிக்கலில் ஒரு பால் பவுடர் டப்பா வாங்கி வந்து ஜன்னல் திண்டில் வைத்தார். அவர்மீது தப்பே இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கி வந்தார். எனக்குத்தான் அந்த டப்பாவைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. வயிற்றில் வைத்து வளர்த்த பிள்ளைக்கு ஒரு வாய்ப் பால் கொடுக்க முடியவில்லையே என்று விடிய விடிய அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. இன்னமும் தூங்கப் போகும்போது என்னிடம்தான் குடிக்கிறான். என் தங்கைக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் போனில், "அக்கா, என்னென்ன வாங்கணும், லிஸ்ட் போட்டுக் குடு" என்கிறாள். நானும் அப்படித்தான் லிஸ்ட் போட்டு வாங்கினேன். தொட்டில் கம்பு, கொசுவலை, குட்டிச் சட்டைகள், வசம்பு வளையல் என்று இரண்டு பை நிறைய வாங்கினேன். பால் கொடுப்பது பற்றி மட்டும் நான் எதையும் படிக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்தால் பால் தானாக வரும், தானாகக் குடிக்கும் என்று நினைத்தேன். தங்கைக்கு நான் சொல்லிவரும் விஷயங்களை இங்கே எழுதிவைக்கிறேன். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் யாருக்காவது உதவும்.

அந்த ராத்திரிக்கே திரும்பி வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு டியூட்டி மாறி வந்த நர்ஸ் ஐம்பது வயதுக்காரர். அறைக்குள் வந்ததும் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். முதுகுக்குத் தலையணை கொடுத்து என்னைச் சாய்த்து உட்கார வைத்தார். வெந்நீரில் பிழிந்த துணியை மார்பில் ஒத்தி எடுத்தார். பிறகு கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, காம்பில் கை படாமல் அந்தக் கருவளையத்தின் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே தள்ளணும், அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கணும், பிறகு விடணும். தள்ளு, அமுக்கு, விடு. மூன்று நிமிஷம் ஒன்றும் வரவில்லை. "வரும்மா, அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் காம்பின் நுனியில் கடுகளவு ஒரு துளி திரண்டது. உருகிய நெய் மாதிரி மஞ்சளாக, பிசுபிசுவென்று. அதைச் சின்ன எவர்சில்வர் பாலாடையில் ஏந்தினார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இருபது நிமிஷம் எடுத்ததில் பாலாடையின் அடி மட்டும்தான் மறைந்தது. ஒரு டீஸ்பூன் இருக்கலாம். மகனின் உதட்டோரத்தில் பாலாடை மூக்கை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். நாக்கை நீட்டி நீட்டி நக்கிக் குடித்தான். குடித்து முடித்து, கையை விரித்துப் போட்டுத் தூங்கிப்போனான்.

"இன்னிக்கு இவ்வளவுதாம்மா வரும். இன்னிக்கு இவனுக்கு இவ்வளவுதான் வேணும்" என்றார். பிரசவத்துக்கு முன்னால் யாராவது எனக்கு அந்த இரண்டு வரியைச் சொல்லியிருந்தால் போதும், அந்த இரண்டு நாளும் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

பிறந்த அன்றைக்குக் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 5 மில்லி, 7 மில்லி, அவ்வளவுதான். சீம்பால் வருவதும் அந்த அளவுக்குத்தான். கொஞ்சம் வந்தாலும் நோய் எதிர்ப்புச் சத்து அதில்தான் அடர்த்தியாக இருக்கிறது. பிள்ளையின் முதல் கறுப்பு மலத்தை வெளியே தள்ளவும் அதுவே உதவுகிறது. அந்த மலம் சீக்கிரம் போனால் மஞ்சள் காமாலையும் அதிகம் ஏறாது. பால் கூடி வெள்ளையாக வர இரண்டு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் உடம்பில் ஹார்மோன் மாறிப் பால் இறங்க ஆரம்பிக்கிறது. சிசேரியன் என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதுவரைக்கும் மார்பு மெத்தென்றுதான் இருக்கும். அமுக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அந்த மூன்று நாளில் பிள்ளை எத்தனை தடவை மார்பில் வாய் வைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் பால் ஊறும். எங்கள் அம்மாச்சி மாடு வளர்த்தவர். "கறக்கக் கறக்கத்தான் சுரக்கும்" என்பார். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்கணும். அந்த நேரத்தில் பவுடர் பால் கரைத்து முப்பது நாற்பது மில்லி ஊற்றினால் பிள்ளை நான்கு மணி நேரம் அசந்து தூங்கும். எல்லோரும் "பாத்தியா, பசிதான்" என்பார்கள். அந்த நான்கு மணி நேரமும் மார்புக்கு வேலை இருக்காது. மறுநாள் பால் இன்னும் குறைவாகத் தெரியும், இன்னொரு பாட்டில் கரைப்பார்கள். எனக்குத் தெரிந்த நிறைய வீடுகளில் "அவளுக்குப் பாலே இல்ல" என்ற பேச்சு இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

அதற்காகப் பவுடர் பாலை விஷம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. பிறந்ததும் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதால் டாக்டரே மூன்று நாள் கொடுக்கச் சொன்னார். அதோடு அவளைப் பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்கவும் சொன்னார்கள். பத்து நாளில் முழுக்கத் தாய்ப்பாலுக்கு மாறிவிட்டாள். டாக்டர் காரணம் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் மறு பேச்சில்லாமல் கொடுங்கள். சொந்தக்காரர் பதறி வாங்கி வருவது வேறு விஷயம். கொடுக்கும்போதும் பாட்டில் வேண்டாம், பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். ரப்பர் நிப்பிளில் சுலபமாகக் குடித்துப் பழகிய பிள்ளை மார்பில் வாய் வைக்க அடம் பிடிக்கும்.

எட்டாம் மாதத்திலேயே மருத்துவமனையில் கேட்டுவைக்க வேண்டியவை சில உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. எனக்குப் பிள்ளையை முகத்தருகே காட்டிவிட்டுத் துணியில் சுற்றி வெளியே கொண்டு போனார்கள். என் கைக்கு வர நான்கு மணி நேரம் ஆனது. கேட்கணும் என்றே எனக்குத் தெரியாது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழிப்பாகத்தான் இருக்கிறாள், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் தியேட்டரிலேயே நெஞ்சின் மேல் போட முடியும். "சிசேரியன் ஆனாலும் பிள்ளையை முதல் மணி நேரத்தில் என்கிட்ட குடுப்பீங்களா? ராத்திரியில பால் குடுக்கச் சொல்லித் தர ஆள் இருக்காங்களா? பிள்ளை என் பக்கத்திலேயே இருக்குமா?" இந்த மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். நமக்கெல்லாம் சுகப்பிரசவம்தான் என்று எல்லோரும் நினைப்போம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். அதனால் தையலோடு எப்படிப் பால் கொடுப்பது என்பதையும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வழி எனக்குக் கைகொடுத்தது. ஒன்று, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுப்பது. இன்னொன்று, பிள்ளையின் கால்கள் என் அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கம் போகிற மாதிரி, இடுப்பில் குடம் இடுக்குவதுபோலப் பக்கவாட்டில் பிடித்துக் கொடுப்பது. இரண்டிலும் பிள்ளையின் பாரம் தையலில் விழாது.

இன்னொன்றையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். எனக்கு இடது பக்கக் காம்பு தட்டை. ஒன்பது மாதச் செக்கப்பில் யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறந்த பிறகு அந்த நர்ஸ்தான் பார்த்துவிட்டு ஒரு புது சிரிஞ்சு எடுத்து வரச் சொன்னார். ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனைக் கழற்றி, வெட்டிய பக்கத்தின் வழியாகத் திருப்பிச் சொருகினார். வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்துப் பிஸ்டனை மெதுவாக இழுக்கக் காம்பு வெளியே எழும்பி வந்தது. அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்துவிட்டு உடனே பிள்ளையின் வாயில் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அவன் குடித்தே சரியாகிவிட்டது. இதைப் பிரசவத்துக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டாம். கர்ப்பத்திலேயே துண்டு வைத்துத் தேய்த்துக் காம்பைப் "பழக்கணும்" என்று எனக்கும் சொன்னார்கள். அதனால் தோல் உரிவதைத் தவிர வேறு பலன் இல்லை. சோப்பும் அந்த இடத்தில் வேண்டாம்.

வாய் வைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் காம்பு வெடித்து ரத்தம் வந்ததற்கு அதுதான் காரணம். நான் குனிந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அவன் காம்பின் நுனியை மட்டும் கவ்விச் சப்பினான். எனக்கு உயிர் போகிற வலி, அவனுக்குப் பால் வரவில்லை. நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவரணும். அவன் வயிறு என் வயிற்றோடு ஒட்டி இருக்கணும்; கழுத்தைத் திருப்பிக் குடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. காம்பால் மேலுதட்டை லேசாக வருடினால் வாயைத் திறப்பான். முதலில் கொஞ்சமாகத் திறப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது; கொட்டாவி விடுவதுபோல அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, அந்த நொடியில் முகவாய் முதலில் பதிகிற மாதிரி இழுத்து அணைக்கணும். சரியாகப் பிடித்துவிட்டால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும். கருவளையம் மேல் உதட்டுக்கு மேலே தெரியும் அளவுக்குக் கீழே தெரியாது. கன்னம் உப்பி இருக்கும், குழி விழாது. சப்பும் வேகம் குறைந்து, நடுநடுவே "க்ளுக்" என்று விழுங்குகிற சத்தம் கேட்கும். முதல் அரை நிமிஷம் சுருக்கென்று இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சுண்டுவிரலை அவன் வாயோரத்தில் நுழைத்து, பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வையுங்கள். பத்துத் தடவையானாலும் பரவாயில்லை. வெடிப்புக்கு நான் போட்டது என் பாலைத்தான். கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டைத் தடவிக் காயவிடுவேன். நான்கு நாளில் ஆறியது. பிடிப்பு சரியானதால்தான் ஆறியது.

நான்காம் நாள் விடியற்காலை பால் இறங்கியது. மார்பு கல்லாக இறுகி, அக்குள் வரைக்கும் நெறி கட்டின மாதிரி வலித்தது. நைட்டி நனைந்துவிட்டது. "பால் கட்டிக்கிச்சு" என்றார் அம்மா. கருவளையமே விறைத்துப்போய் இருந்ததால் மகனால் கவ்வ முடியவில்லை. கையால் கொஞ்சம் பீய்ச்சி அந்த இடத்தை மட்டும் இளக்கிவிட்டுக் கொடுத்தால் குடித்தான். குடித்து முடித்ததும் குளிர்ந்த துணியைப் போட்டுக்கொள்வேன். பெரியம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டலாம் என்றார். அம்மாச்சி சட்டென்று தடுத்துவிட்டார். "அது பால நிறுத்துறதுக்குக் கட்டுறது. பிள்ள தங்காதவளுக்குக் கட்டுவாக" என்றார். அம்மாச்சிக்கு மூன்றாவதாகப் பிறந்த பிள்ளை தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மல்லிகைப்பூவைச் சோதித்து, அது பால் சுரப்பை நிறுத்த உதவுகிறது என்று 1988இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். பால் கட்டியவர்கள் பூ வைக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் எனக்குக் குறையே இல்லை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக் கீரைப் பொரியல், கருவாடு, வெந்தயக் கஞ்சி என்று மாறி மாறி வந்தது. ருசியாக இருந்தது, தெம்பும் வந்தது. ஆனால் பால் ஊறியது அவன் குடிக்கக் குடிக்கத்தான். புட்டு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்காமல் விட்டால் பால் ஊறாது. நான் சண்டை போட்டது தண்ணீருக்காகத்தான். "பச்ச உடம்புக்காரி, தண்ணி குடிச்சா வயிறு சரியும்" என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் தந்தார்கள். எனக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாலே நாக்கு வறண்டுவிடும். என் கணவர் வந்த அன்றைக்கு ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, "தாகமெடுத்தா குடி, நான் பேசிக்கிறேன்" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவிடம் பொறுமையாகப் பேசிவிட்டார். மருமகன் சொன்னதால் கேட்டார்கள். அதனால்தான் கணவர்களையும் எட்டாம் மாதத்திலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

பால் பத்துகிறதா இல்லையா என்று மார்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பிள்ளையின் துணியைப் பார்த்துத்தான் தெரியும். வீட்டில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் என் கணவர் கோடு போட்டுவைப்பார். ஈரத் துணிக்கு ஒரு கோடு, மலம் போனால் ஒரு வட்டம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 ஈரத் துணிக்குக் குறையாமல் இருக்கணும். மூத்திரம் வெளிறி இருக்கணும். கறுப்பு மலம் போய்க் கடுகு நிறத்துக்கு மாறணும். எடை முதலில் குறையும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் மகன் 2,900 கிராம் பிறந்தான், ஐந்தாம் நாள் 2,660. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டாக்டர், "10 சதவீதம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்போம்மா" என்றார். பன்னிரண்டாம் நாள் பிறந்த எடை திரும்பியது. ஈரத் துணி குறைந்தால், மூத்திரம் அடர்ந்து போனால், எழுப்பியும் எழாமல் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தால், மஞ்சள் காலுக்கு இறங்கினால், இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

மூன்றாவது வாரத்தில் மறுபடியும் "பால் பத்தல" பேச்சு எழும். சாயங்காலம் ஆறு மணிக்கு மார்பைப் பிடித்தால் பத்து மணி வரை விடமாட்டான். கீழே கிடத்தினால் அழுவான், எடுத்தால் குடிப்பான், பத்து நிமிஷத்தில் மறுபடி அழுவான். துணிக் கணக்கு சரியாக இருந்ததால் நான் அசையவில்லை. வேகமாக வளரும் நாட்களில் பிள்ளைகள் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பாலைக் கூட்டிக்கொள்கிறார்கள். மூன்று நான்கு நாளில் அடங்கிவிட்டது. அந்த நேரத்துக்கு முன்னாலேயே நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், அதுதான் என் யோசனை.

அவன் பிறந்தது அக்னி நட்சத்திரத்தில். வந்து பார்த்தவர்களில் பாதிப்பேர், "வெயில்ல நாக்கு வறளும், ஒரு பாலாட வெந்நி குடுங்க" என்றார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100க்கு 87 பங்குக்கு மேல். ஆறு மாதம் வரை எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீரால் வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறையும், சுத்தமில்லாத தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்கு வேறு. டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. கிரைப் வாட்டரும் கொடுக்கவில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் குளிரெடுத்து 102 டிகிரி காய்ச்சல். வலது மார்பில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சல் பால் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் நேர்மாறாகச் சொன்னார்: நிறுத்தினால்தான் சீழ் கட்டும், வழக்கம்போலக் கொடு, இந்த மாத்திரை பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு நாளில் குறைந்தது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், இறுக்கமான ஜாக்கெட்டோடு ஏழு மணி நேரம் கொடுக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி விடவே இல்லை.

கல்யாண வீட்டில் ஏன் கொடுக்கவில்லை? இடம் இல்லை. 2015இல் தமிழ்நாட்டு பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்குத் தனி அறை திறந்தார்கள். அது உண்மையிலேயே நல்ல திட்டம், நான் மூன்று ஊர்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு ஊரில் மட்டும் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு அலைந்ததில் பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் அகலமான காட்டன் துப்பட்டா ஒன்றைக் கையோடு எடுத்துப் போகிறேன். பிள்ளைக்குப் பசித்தால் உட்கார்ந்த இடத்தில் கொடுத்துவிடுவேன்.

வேலைக்குப் போகிறவர்கள் இதையும் இப்போதே யோசித்துவையுங்கள். 2017இல் சட்டம் திருத்திய பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. நான் முன்னால் இரண்டு வாரம்தான் எடுத்தேன், பிள்ளையோடு 24 வாரம் கிடைத்தது. திரும்பி வந்த பிறகும் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பால் கொடுப்பதற்கான இடைவேளை உண்டு. எங்கள் ஆபீசில் நான் கேட்கும் வரை யாருக்கும் அது தெரியாது. வேலையில் சேர்வதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே கையால் இயக்கும் பம்பில் பழகினேன். எடுத்த பால் ஃபிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். வெளியே 4 மணி நேரம் என்பார்கள், அது 25 டிகிரிக் கணக்கு; நம் ஊர் வெயிலில் நான் வெளியே வைத்ததே இல்லை. கொடுக்கும்போது வெந்நீரில் டம்ளரை வைத்துக் குளிர் போக்கினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. என் அத்தை அவனுக்குப் பாலாடையிலும் பிறகு சின்ன டம்ளரிலும் கொடுத்துவிடுவார். பாட்டில் வாங்கவே இல்லை.

தங்கை கேட்ட லிஸ்டுக்கு இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன்: முன்பக்கம் ஜிப் வைத்த காட்டன் நைட்டி நான்கு, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்த துணி நிறைய, எவர்சில்வர் பாலாடை இரண்டு, ஒரு கெட்டித் தலையணை, ஒரு பெரிய தண்ணீர் பாட்டில்.

போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போயிருந்தேன். தங்கை வீட்டுக்காரரையும் அம்மாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துப் பேசினேன். சேனை வைப்பதில்தான் பேச்சு நின்றது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்லபடியாக வாழ்ந்தவர் ஒருவர் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. என் மகனுக்குத் தேன் வைத்தார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கும் கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைப் பாதிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தங்கை பிள்ளைக்கு அம்மாச்சிதான் வைக்கணும் என்று எல்லோருக்கும் ஆசை. நான் சமையல்கட்டுக்குப் போய் ஒரு டீஸ்பூனில் தண்ணீர் எடுத்து வந்தேன். அம்மாச்சியின் உள்ளங்கையை விரித்து அதில் ஊற்றினேன். "இவ்வளவுதான் அம்மாச்சி, முதல் நாள் அதோட வயித்துக்கு."

அம்மாச்சி கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தண்ணீர் ரேகைகளுக்கு நடுவில் தேங்கி நின்றது.

"இம்புட்டுக்குத்தானா? நாங்க சங்கு சங்கா ஊத்தினமே தாயி" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "அப்ப ஒண்ணு செய்வோம். அவ சீம்பாலயே வெரல்ல தொட்டு நான் சேனை வச்சிர்றேன். அது ஆகும்ல?"